கையில் ரெண்டு ஏஸ்

ஆன்லைன் போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று நம் நாட்டில் வருஷக்கணக்காக வழக்கு நடந்தது. அரசாங்கம் ஒன்று சொன்னது, கம்பெனிக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், கோர்ட் ஒன்று சொன்னது. நீங்கள் எந்தக் கட்சி என்று என்னைக் கேட்டால், நான் கோர்ட் பக்கம்தான். போக்கர் திறமை விளையாட்டு. முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அதே காரணத்தால்தான், பென்ஷன்காரர் கையில் இருக்கும் போனில் அதைப் பணம் கட்டி ஆடக் கூடாது என்றும் சொல்கிறேன்.

இது முரண்பாடு மாதிரி தெரியும். ஒரே ஒரு கையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படி இல்லை என்று புரியும்.

நம் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரம்மி தெரியும், இருபத்தெட்டு தெரியும். போக்கர் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் பெரும்பாலும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு ரெண்டே சீட்டு, கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் ஐந்து சீட்டு திறந்து வைக்கப்படும். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. அந்த ஐந்தும் எல்லோருக்கும் பொது. உங்கள் ரெண்டையும் பொதுவில் உள்ள ஐந்தையும் சேர்த்து, ஏழில் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டலாம், ஏற்றிக் கட்டலாம், சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கலாம். ஒரு ஜோடியைவிட ரெண்டு ஜோடி பெரிது. அதைவிட ஒரே எண்ணில் மூன்று பெரிது. அதற்கும் மேலே வரிசையாக ஐந்து, அதற்கு மேலே ஒரே ஜாதியில் ஐந்து. இன்னும் மேலே உள்ளவை நமக்கு இங்கே வேண்டாம்.

இதில் ஏஸ்தான் பெரிய சீட்டு. (இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். நமக்கு ஜாக்கிதான் மூன்று புள்ளி, அடுத்தது ஒன்பது, ஏஸுக்கு ஒரே புள்ளி. எங்கள் ரிக்ரியேஷன் கிளப்பில் ஒருவர் போக்கர் கற்றுக்கொண்டபோது ஒரு மாசம் வரைக்கும் ஜாக்கியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடுவார்.)

ஆக, முதல் ரெண்டு சீட்டும் ஏஸாக வந்தால் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 52 சீட்டில் ரெண்டு சீட்டு வரக்கூடிய விதங்கள் 1,326. அதில் ரெண்டும் ஏஸாக இருப்பவை 6. அதாவது 221 தடவைக்கு ஒரு தடவை. மற்ற 220 தடவை காத்திருந்தவனுக்கு அது வந்து சேரும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நமக்கு வர வேண்டியது வந்துவிட்டது என்று தோன்றும். அரியர்ஸ் பில் பாஸான மாதிரி.

ஏஸ் ஜோடியின் உண்மையான பலம் எதிரில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஏதோ ஒரு கை வைத்திருக்கும் ஒரே ஒருவர் எதிரில் இருந்து, கடைசிச் சீட்டு வரை போனால், நூற்றுக்கு 85 தடவை ஏஸ் ஜெயிக்கும். நாலு பேர் எதிரில் இருந்தால் அது 56 ஆகிவிடும். எட்டுப் பேரும் விடாமல் கூட வந்தால் சுமார் 35தான். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொருவரையும்விட நம் கைதான் பெரிது. ஆனால் கூட்டமாக வரும்போது தோற்கும் தடவைகளே அதிகம். இதைக் கணக்காகச் சொன்னால் பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள். பெரியவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது அந்தக் கைக்கு வருகிறேன். என் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒருவர் இருக்கிறார். ஆபீஸ் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ரெண்டு வயது சின்னவர். பெயர் வேண்டாம். ஆன்லைன் போக்கரில் ஒரு வசதி உண்டு, ஆடிய ஒவ்வொரு கையும் அப்படியே பதிவாகி இருக்கும். அவர் அதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். அதில் ஒன்றை என்னிடம் குறைந்தது ஐந்து தடவையாவது காட்டியிருப்பார்.

ஆட்டின் ஏஸ், கிளாவர் ஏஸ். ஆளுக்கு 2,000 ரூபாய் வைத்து உட்கார்ந்த மேஜை. இவர் 80 ரூபாய்க்கு ஏற்றிக் கட்டுகிறார். நாலு பேர் சமமாகக் கட்டிக் கூட வருகிறார்கள். நடுவில் 400 ரூபாய். பொதுச் சீட்டு மூன்று திறக்கிறது: டைமண்ட் பத்து, ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் எட்டு.

போக்கர் தெரியாதவர் கண்ணுக்கு இதில் ஒன்றுமே இல்லை. ராஜா இல்லை, ராணி இல்லை, சின்னச் சீட்டாக மூன்று கிடக்கிறது. நம்மிடம் ஏஸ் ஜோடி. தெரிந்தவர் கண்ணுக்கு இதைப் போல வில்லங்கமான தரை கிடையாது. ராணியும் ஜாக்கியும் வைத்திருப்பவனுக்கு வரிசை முடிந்துவிட்டது. ஜாக்கியும் ஏழும் இருந்தால் முடிந்துவிட்டது, ஏழும் ஆறும் இருந்தால் முடிந்துவிட்டது. பத்தும் ஒன்பதும் வைத்திருந்தால் ரெண்டு ஜோடி. எட்டோ ஒன்பதோ பத்தோ ஜோடியாக வைத்திருந்தால் ஒரே எண்ணில் மூன்று. கையில் ரெண்டு ஸ்பேட் இருந்தால் இன்னும் ஒரு ஸ்பேட் போதும். கையில் வெறும் ஜாக்கி ஒன்று இருந்தால்கூட, ஏழு வந்தாலும் ராணி வந்தாலும் வரிசை.

இதோடு ராஜா, ஏழு, ரெண்டு என்று மூன்று வெவ்வேறு ஜாதியில் திறந்த தரையை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே யாருக்கும் எதுவும் கூடி வராது. ஏஸ் ஜோடி அங்கே சவுகரியமாக உட்கார்ந்துகொள்ளலாம். கை அதேதான், தரை மாறியதும் அதன் விலையும் மாறிவிட்டது.

எவ்வளவு மாறியது என்பதற்கு ஒரு கணக்கு. எதிரில் ஒருவன் ஸ்பேட் ஜாக்கியும் ஸ்பேட் பத்தும் வைத்திருக்கிறான் என்று வையுங்கள். இந்த நிமிஷத்தில் அவனிடம் இருப்பது பத்து ஜோடிதான். நம் ஏஸ் ஜோடி பெரிது. ஆனால் அவனுக்கு உதவும் சீட்டுகளை எண்ணுவோம். மிச்சமுள்ள ஸ்பேட் 9. ஸ்பேட் அல்லாத ஏழும் ராணியும் 6. பத்து இன்னும் 2. ஜாக்கி இன்னும் 3. மொத்தம் 20. நாம் பார்க்காத சீட்டு 45, திறக்க வேண்டியது இன்னும் ரெண்டு. அந்த ரெண்டில் ஒன்றாவது அந்த 20-க்குள் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம். விழுந்த பிறகும் சில சமயம் நம் கை தேறும் என்பதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அப்போதும் முன்னால் இருப்பது அவன்தான். கையில் பெரியதை வைத்துக்கொண்டே நாம் பின்தங்கி நிற்கிறோம். நான் வகுப்பில் நடத்தியிருக்கக்கூடிய மிக நல்ல நிகழ்தகவுக் கணக்கு இது. ஆனால் சீட்டாட்டத்தை வைத்து நடத்தினால் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பிவிடுவார்.

நம் நண்பர் 300 ரூபாய் கட்டினார். அது சரிதான். அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்க விடக் கூடாது, பார்ப்பவன் காசு கொடுத்துப் பார்க்கட்டும் என்பது நல்ல ஆட்டம். அதுவரை வாயே திறக்காமல் கூட வந்த ஒருவன் அதை 900 ஆக்கினான். இன்னொருவன் அந்த 900-ஐயும் கட்டினான். இப்போது இவர் முறை.

நிதானமாக யோசிப்போம். ஐந்து பேர் உள்ள ஆட்டத்தில், இப்படிப்பட்ட தரையில், ஒருவன் மூன்று மடங்காக்குகிறான், இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறான். ரெண்டு பேருமே வெறும் ஜோடியோடு வந்திருக்கிறார்கள் என்று நம்ப என்ன காரணம்? ஒருவனிடம் முடிந்த கை, இன்னொருவனிடம் முடியப்போகிற கை என்பதுதான் நியாயமான ஊகம். அப்படியானால் 380 ரூபாயை மறந்துவிட்டு ரெண்டு ஏஸையும் கீழே வைக்க வேண்டும். மிச்சம் 1,620 ரூபாய் பத்திரம்.

அவர் வைக்கவில்லை. மொத்தத்தையும் உள்ளே தள்ளினார். மற்ற ரெண்டு பேரும் தள்ளினார்கள். ஒருவனிடம் ஒன்பது ஜோடி இருந்தது. தரையில் உள்ள ஒன்பதோடு மூன்று ஒன்பது. இன்னொருவன்தான் நான் மேலே கணக்குப் போட்ட ஸ்பேட் ஜாக்கி, ஸ்பேட் பத்து. நம்மவரைக் காப்பாற்ற சீட்டுக்கட்டில் இருந்தவை மிச்சமுள்ள ரெண்டு ஏஸ். அதிலும் ஒன்று ஸ்பேட். அது வந்தால் இன்னொருவனுக்கு ஐந்து ஸ்பேட் சேர்ந்துவிடும். கிளாவர் மூன்றும் ஆட்டின் ராஜாவும் வந்தன. ஒன்பதுக்காரன் 6,160 ரூபாயை எடுத்துக்கொண்டு போனான்.

ஒவ்வொரு தடவையும் இந்தப் படத்தைக் காட்டிவிட்டு அவர் என்னைக் கேட்பது ஒரே கேள்வி. "இதை எப்படி சார் விட முடியும்? நீங்களே சொல்லுங்க. ரெண்டு ஏஸ் சார்!"

போக்கரின் திறமை என்று கோர்ட் சொன்னது எதுவோ, அது முழுக்க இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நல்ல சீட்டை வைத்து ஜெயிக்க யாருக்கும் திறமை வேண்டாம், என் பேரன்கூட ஜெயிப்பான். மோசமான சீட்டை விடுவதற்கும் பெரிய திறமை தேவையில்லை. நல்ல சீட்டை, கெட்ட தரையில், கண்ணெதிரே போட்ட பணத்தோடு சேர்த்து விடுவதற்குத்தான் திறமை வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு, அது எனக்குப் புரிய நாளானது. அந்த ஒன்பது ஜோடிக்காரன் 80 ரூபாய் கட்டி ஏன் கூட வந்தான்? எதிரில் இருப்பவன் ஏற்றிக் கட்டியதிலிருந்தே பெரிய கை என்று தெரிகிறதே. அவன் போட்ட கணக்கு வேறு. கையில் ஜோடி இருந்தால், முதல் மூன்று பொதுச் சீட்டில் அதே எண் ஒன்று வந்து சேர்வது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. ஏழு தடவை 80 ரூபாயை விட்டால் 560 நஷ்டம். எட்டாவது தடவை சேர்ந்தால், ஏஸ்காரர் விடவே மாட்டார், 2,000 முழுதாக வரும். ஏஸ்காரர் 300-ஓடு நிறுத்திக்கொள்கிற ஆள் என்று தெரிந்திருந்தால், ஏஸ்காரரிடமிருந்து கிடைப்பது 380தான். அதை நம்பி அவன் 80 கட்டவே மாட்டான். ஆக அவன் பணம் வைத்தது தன் ஒன்பது மேல் அல்ல, நம்மவரின் பிடிவாதத்தின் மேல்.

அப்படியானால் பயமாகத் தெரிகிற தரையில் எல்லாம் ஏஸைப் போட்டுவிட்டுப் போனால் போதுமா? போதாது. அதுதான் இந்த ஆட்டத்தின் கஷ்டம். எதிரில் ஒரே ஆள், அவன் எப்போதும் வீராப்பாகக் கட்டுகிற பேர்வழி என்றால், அதே 10-9-8 தரையில் ஏஸை விடுவது முட்டாள்தனம். பயந்தாங்கொள்ளியை எல்லோரும் சேர்ந்து மிரட்டியே காலி செய்துவிடுவார்கள். எத்தனை பேர், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், இதுவரை எப்படி ஆடியிருக்கிறான், நடுவில் எவ்வளவு இருக்கிறது, கட்டச் சொல்வது எவ்வளவு என்று எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நேர் மேஜையில் உட்கார்ந்து ஆடும் தேர்ந்த ஆட்டக்காரர்களே இதில் சறுக்குகிறார்கள். 2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகத் தொடரின் கடைசிக் கையே சாட்சி. சாமி ஃபார்ஹா என்ற பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரருக்கு ஜாக்கி, பத்து. தரை ஜாக்கி, ஐந்து, நாலு. ஜாக்கி ஜோடியை நம்பி எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். எதிரில் இருந்த கிறிஸ் மணிமேக்கர் என்பவர் கணக்கர் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்தது ஐந்தும் நாலும், அதாவது ரெண்டு ஜோடி. இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிச் சுற்றில் ஆடி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள அந்தப் போட்டிக்கு வந்தவர். 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போனார். (அவர் பெயரே அதுதான், நான் வைத்ததல்ல.) ஆன்லைன் போக்கர் உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்த ஒரு செய்திக்குப் பெரிய பங்கு உண்டு. கணக்கர் ஜெயித்தார் என்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தேர்ந்த ஒருவர் நல்ல ஜோடியோடு அழிந்தார் என்பதை யாரும் விளம்பரத்தில் போடவில்லை.

நம் ரம்மியில் இந்த ஆபத்து இல்லை என்பதைக் கவனியுங்கள். சீட்டு சரியில்லை என்றால் முதல் ஸ்கூட் 20 புள்ளி. ஒரு சுற்று பார்த்துவிட்டு விட்டால் மிடில் ஸ்கூட் 40. கடைசி வரை பிடித்துத் தொங்கி எதுவும் சேராமல் போனால் ஃபுல் கவுண்ட் 80. எண்பதுக்கு மேல் ஒரு ஆட்டத்தில் யாரும் தோற்க முடியாது. விடாக்கண்டன்கள் எங்கள் கிளப்பிலும் இருந்தார்கள், மாசாமாசம் தோற்றார்கள், ஆனால் தோல்விக்கு ஒரு தரைமட்டம் இருந்தது. லிமிட் இல்லாத போக்கரில் அந்த 80 கிடையாது. மேஜை மேல் வைத்தது எவ்வளவோ அவ்வளவும் ஒரே கையில் போகும். போனால் ஒரு பட்டனைத் தட்டி இன்னொரு 2,000 எடுத்து வைக்கலாம்.

அடுத்தது வேகம். நேர் மேஜையில் சீட்டுக் கலைத்துப் போட்டு ஆட மணிக்கு 25, 30 கைதான் நடக்கும். ஏஸ் ஜோடி ஒரு தடவை வர ஏறக்குறைய எட்டு மணி நேரம். அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுக்கொண்டு போய்விடும். போனில் மணிக்கு 70 கைக்குக் குறையாமல் ஓடும், நாலு மேஜையில் ஒரே நேரத்தில் ஆடலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஏஸ் ஜோடி வந்துவிடும். அதோடு சேர்ந்து அந்தப் பழைய கேள்வியும் வந்துவிடும். யோசிக்கச் சில விநாடிகள்தான் தருவார்கள், எதிராளியின் முகம் கிடையாது, பட்டன் மட்டும் மினுக்கும். இது போக ஒவ்வொரு பந்தயத்திலும் கம்பெனிக்குக் கமிஷன். 2023 அக்டோபரில் கட்டும் பணத்துக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. வேறு வந்து சேர்ந்தது. சரியாக ஆடுகிறவனே இதையெல்லாம் தாண்டித்தான் லாபம் பார்க்க வேண்டும்.

நண்பர் எட்டு மாசத்தில் விட்டது மூன்று லட்சத்துச் சொச்சம். கம்யூட்டேஷன் பணத்தில் மகள் பிரசவத்துக்கென்று தனியாக வைத்திருந்தது. அவர் வீட்டம்மா பாஸ்புக்கைப் பதிவு போடக் கொடுத்த அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மா சத்தம் எதுவும் போடவில்லை என்றும், இப்போது பாஸ்புக் அவர் பீரோவில்தான் இருக்கிறது என்றும் கேள்வி.

அவர் காட்டிய படங்களை ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியுமாக முப்பதுக்கு மேல் இருக்கும். அதில் பாதியில் அவர் ஆடியது சரி, வெறும் துரதிர்ஷ்டம். மீதிப் பாதியில் தோற்கப்போகிறோம் என்று தரை முன்கூட்டியே சொல்லியிருந்தது. எது எந்த வகை என்று அவருக்குத் தெரியவில்லை, எல்லாமே அவருக்கு "பேட் லக் சார்"தான். இதற்கு அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். செஸ்ஸில் தோற்றவனுக்கு எங்கே தவறினோம் என்று பலகை சொல்லிவிடும். போக்கரில் தப்பாக ஆடியும் ஜெயிக்கலாம், சரியாக ஆடியும் தோற்கலாம், எதிராளி சீட்டைக் காட்டாமலே கட்டுக்குள் போட்டுவிட்டால் கடைசி வரை எதுவுமே தெரியாது. ஆயிரக்கணக்கான கை ஆடிய பிறகுதான் திறமை கணக்கில் தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் மூன்று லட்சம் போய்விடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் வர்க்கத்தைப் பற்றி. முப்பது, நாற்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு சீனியாரிட்டியில் ஒரு நம்பிக்கை. முதலில் சேர்ந்தவன் முதலில் பிரமோஷன் வாங்குவான். பட்டியலில் மேலே இருந்தால் மேலேயே இருப்பான். ஏஸைப் பார்த்ததும் அந்தப் புத்திதான் வருகிறது. பட்டியலில் முதல் பெயர் நம்முடையது, ஒன்பதாவது நம்பரிடம் எப்படித் தோற்பது? போக்கரில் ரேங்க் லிஸ்ட்டை ஒவ்வொரு சீட்டுக்கும் புதிதாகப் போடுகிறார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1968-லேயே சுப்ரீம் கோர்ட் ஆந்திர வழக்கு ஒன்றில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டது. மூணு சீட்டு மாதிரியானவை வெறும் அதிர்ஷ்டம் என்றது. அந்தப் பிரிவினையை வைத்துத்தான் இத்தனை காலமும் வண்டி ஓடியது. தமிழ்நாடு 2021-ல் போட்ட தடைச் சட்டத்தை அந்த ஆகஸ்டிலேயே சென்னை ஐகோர்ட் ரத்து செய்தது. மறுபடி 2022-ல் மசோதா. கவர்னர் திருப்பி அனுப்பினார். சட்டசபை 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் ஐகோர்ட் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டம் என்று தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று தமிழ்நாடு விதி கொண்டுவந்தது. அதை 2025 ஜூனில் கோர்ட் ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று பார்லிமெண்டில் சட்டம் நிறைவேற்றியது. பெரிய கம்பெனிகள் ஆட்டத்தை நிறுத்தின. அதை எதிர்த்தும் வழக்குகள் போடப்பட்டன.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கடைசிச் சட்டம் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவே இல்லை என்பதுதான். நல்லதாகப் போயிற்று. திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்டால் திறமை என்றுதான் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். ஆனால் யாருடைய திறமை? ஒன்பது ஜோடியோடு காத்திருந்தவனுடைய திறமை. திறமை உள்ள ஆட்டம் என்றால் திறமை குறைந்தவன் பணம் உள்ளவனிடம் நிச்சயமாகப் போய்ச் சேரும் என்று அர்த்தம். லாட்டரியிலாவது முட்டாளுக்கும் மேதைக்கும் ஒரே வாய்ப்பு. "இது திறமை ஆட்டம்" என்று கம்பெனிக்காரர் நம் சூப்பரிண்டெண்டைப் பார்த்துச் சொன்னபோது அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அது எச்சரிக்கை.

எதிர்த்தரப்பில் ரெண்டு நியாயம் சொல்கிறார்கள். வயது வந்தவன் தன் காசை எப்படிச் செலவழித்தால் உங்களுக்கென்ன என்பது ஒன்று. பிரசவத்துக்கு வைத்த காசு அவர் காசு மட்டும்தானா என்று அந்த வீட்டம்மாவிடம் போய்க் கேட்கட்டும். தடை போட்டால் வெளிநாட்டு சைட்டுகளுக்குப் போய்விடுவார்கள் என்பது இன்னொன்று. இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. சிலர் போகத்தான் செய்வார்கள், அங்கே பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போனால் கேட்க நாதி இருக்காது. ஆனாலும் டி.வி.யில் நடிகரைப் போட்டு வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுவதற்கும், தேடிப் போய்க் கெடுவதற்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாளைக்குக் கோர்ட் தீர்ப்பால் மறுபடி திறந்துவிட்டால், ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: ரம்மியின் அந்த 80. மாசத்துக்கு இவ்வளவுக்கு மேல் யாரும் தோற்க முடியாது என்ற உச்ச வரம்பு. அதை ஆடுகிறவரே மாற்றிக்கொள்ள முடியக் கூடாது, எல்லா கம்பெனிக்கும் சேர்த்து ஒரே வரம்பாகவும் இருக்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூடுவதால் பெரிய பயன் இல்லை. பென்ஷன்காரர் ஆடுவதே பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

சிலர் கேட்பார்கள், காசில்லாமல் வெறும் சிப்ஸ் வைத்து போனில் ஆடினால் என்ன தப்பு என்று. தப்பில்லை. ஆனால் அங்கே போக்கர் கற்றுக்கொள்ள முடியாது. விடுவதற்கு ஒன்றும் இல்லாததால் எட்டுப் பேரும் எல்லாக் கையிலும் கடைசி வரை வருவார்கள். உங்கள் ஏஸ் ஜோடி மூன்றில் ரெண்டு தடவை தோற்கும். நீங்களும் விடாமல் ஆடப் பழகிவிடுவீர்கள். அதற்கு நேரில் உட்கார்வதே மேல். நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். சூப்பரிண்டெண்டும் வருகிறார். ஆளுக்கு ஐம்பது கொட்டை, தீர்ந்தவர் எழுந்து போய்க் காபி போட வேண்டும், மறுபடி கொட்டை கிடையாது. போன வாரம் அவர் கையில் ராஜா ஜோடி, தரை ஆறு, ஏழு, எட்டு, மூன்றும் கிளாவர். வெகுநேரம் சீட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பன்னிரண்டு கொட்டையை விட்டுவிட்டுக் கவிழ்த்தார். எதிரில் இருந்த நான் என்ன வைத்திருந்தேன் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொல்வதாக இல்லை.